மூண்டு தரம் அவிச்ச இடது கால்

நான் செய்துகொண்டிருக்கிற ஸ்டார் வார்ஸ் பட வெள்ளைச் சிப்பாய் உடுப்பில, இடது கால் கவசத்திட பின்பக்கம் நேற்று ராத்திரி ஒரு மாதிரிப் பூட்டுப்பட்டுட்டுது. ரெண்டு விளிம்பும் ஒண்டோட ஒண்டு முட்டுது, இடையில விரல் போகாது. இதுக்குப் போனது மூண்டு கிழமை, ரெண்டு ட்யூப் பசை, அம்மாட சோத்துப் பானை ஒண்டு. படம் பிறகு போடுறன், இப்ப முழுக்கப் பென்சில் கோடும் விரல் அடையாளமுமாக் கிடக்கு.

எந்தக் கவசம் எடுக்கிறது எண்ட சண்டையை முதல்ல சொல்லோணும். நாங்க அஞ்சு பேர், அஞ்சு பேரும் வரிசையா நிண்டா ஒரே படையாத் தெரியோணும், அப்ப எல்லாரும் ஒரே படத்திட ஒரே வேர்ஷன்தான் எடுக்கோணும். ஸ்டார் வார்ஸ் வெள்ளைச் சிப்பாய் எண்டா எல்லாம் ஒண்டுதானே எண்டுதான் எங்கட ஆக்களே நினைச்சவங்கள். 1977ல வந்த முதல் படத்தில மட்டுமே ஹீரோ (கிட்ட வச்சு எடுக்கிற காட்சிக்கு), ஸ்டண்ட் (சண்டைக் காட்சிக்கு) எண்டு ரெண்டு வகை இருக்கு. ஹீரோ ஹெல்மெட் வெள்ளை ஏபிஎஸ் ப்ளாஸ்டிக், கண் லென்ஸ் குமிழ் மாதிரி வெளியால தள்ளிக்கொண்டிருக்கும். ஸ்டண்ட் ஹெல்மெட் காக்கி நிற ஹெச்டிபிஈ ப்ளாஸ்டிக்கில அடிச்சு மேல வெள்ளைப் பெயின்ற் பூசினது, லென்ஸ் தட்டை. எங்கள்ள ஒருத்தன் பேரைக் கேட்டே ஹீரோதான் வேணும் எண்டு ஒற்றைக்கால்ல நிண்டான். மச்சான், குமிழ் லென்ஸுக்குள்ளால பாத்தா உலகமே வளைஞ்சு தெரியும், எங்கட திருகோணமலை உப்புவெளி வெக்கையில அதுக்குள்ள மூச்சு விட்டா அதுவும் தெரியாது எண்டு நான் சொல்ல, வோட்டு வச்சு மூண்டுக்கு ரெண்டில ஸ்டண்ட் வெண்டது.

இன்னொருத்தன் அதுக்கு முதலே ஒன்லைன்ல ரெடிமேட் உடுப்பு ஒண்டு வாங்கிப்போட்டான். துணியில நுரை வச்சுத் தைச்சது, பிறந்தநாள் பார்ட்டிக்கு நல்லா இருக்கும். 501ஆவது லீஜன் எண்டு 1997ல அமெரிக்காவில தொடங்கின ரசிகர் படை இருக்கெல்லோ, அவங்கட உடுப்புப் பட்டியலை வச்சுத்தான் நாங்க அளக்கிறம். அதில ஒவ்வொரு துண்டும் எப்பிடி இருக்கோணும் எண்டு எழுதிக் கிடக்கு. நாங்க அதில மெம்பர் இல்ல, ஆனா தராசு எண்டா ஒண்டுதான் இருக்கோணும். அந்தத் தராசில அவன்ர உடுப்பு முதல் வரியிலயே விழுந்திட்டுது. ரெண்டு நாள் கதைக்கேல்ல, பேந்து அவனும் எங்களை மாதிரி வெட்டி ஒட்டிச் செய்யிற ஏபிஎஸ் துண்டுக் கிட் ஓடர் பண்ணினான்.

உள்ளூரிலயே செய்விக்கலாமோ எண்டும் பாத்தன். ஃபைபர் போட் திருத்துற அண்ணை ஒருத்தர் எனக்குத் தெரிஞ்சவர், படத்தைக் காட்ட, "தம்பி இது எனக்கு ஒரு கிழமை வேலை" எண்டார். சாம்பிளுக்கு முழங்கைத் துண்டு ஒண்டு செய்தும் தந்தார். நல்ல பலம், மீன் பிடிக்கக் கொண்டு போகலாம். ஆனா விளிம்பு தடிப்பு. படத்தில உள்ளதெல்லாம் வெக்யூம் ஃபோர்மிங்கில, அதாவது சூடாக்கி அச்சு மேல காத்தை உறிஞ்சி இழுத்த மெல்லிசு ப்ளாஸ்டிக், அந்த மெல்லிசுதான் அதிட முகம். அவரிட்ட இருந்து வந்த உண்மையான லாபம் அசிட்டோன். ஃபைபர் வேலைக்குக் கழுவ வச்சிருக்கிறார், அதில வெட்டி மிஞ்சின ஏபிஎஸ் துண்டுகளை ஊறப்போட்டா பசை மாதிரி வரும், வெடிப்பு மூட அதை விடச் சாமான் இல்ல.

சரி, கால். கிட் வாறது என்னை விட உயரமான ஆளுக்கு. நான் அஞ்சடி நாலு. முழங்காலுக்குக் கீழ வெட்டிக் குறைச்சதில பிரச்சினை இல்ல, கோடு கீறி மடக்கினா டக்கெண்டு முறியும். முன்பக்கம் ரெண்டு பாதியையும் முட்டு வச்சு மேல 20 மில்லிமீற்றர் அகலப் ப்ளாஸ்டிக் பட்டி ஒட்டினன். பசை இ6000 தான், சுப்பர் குளூ ஒட்டினா நடக்கேக்க வெடிக்கும், அதோட பிழைச்சாப் பிரிக்கவும் ஏலாது. காந்தம் வச்சு ரெண்டு நாள் விட்டன். பிறகு காலைப் போட்டுப் பாத்தா பின்பக்கம் ஆமை ஓடு மாதிரி விரிஞ்சு நிக்குது, மூண்டு விரல் இடைவெளி.

இதுக்கு வெந்நீர் வைத்தியம் எண்டு எல்லாருக்கும் தெரியும். கூட்டாளி ஒருத்தன் "கன்னியா வெந்நீர்க் கிணத்துக்குக் கொண்டு போவமாடா, ஏழு கிணறு இருக்கு, ஆளுக்கொண்டு" எண்டான். குளிக்கிற சூட்டில ஏபிஎஸ் சிரிக்கும், கொதிக்கிற தண்ணி வேணும். வீட்டில இருந்த பெரிய பாத்திரம் சோத்துப் பானைதான்.

முதல் தரம் பயத்தில பத்து செக்கன்ல எடுத்தன், ஒண்டுமே வளையேல்ல. ரெண்டாந்தரம் வீரம் வந்து முழுக்காலையும் உள்ள தாட்டன். இதுதான் நான் செய்த மாட்டு வேலை. பின் விளிம்பு நல்லா வளைஞ்சது, ஆனா முன்பக்கம் ஒட்டின பட்டி சூட்டில இளகி மேல் நுனியில வாழைப்பழத் தோல் மாதிரி உரிஞ்சிட்டுது, முன்னால ஓடுற கூர் முகடும் அரை அடிக்கு மழுங்கிப் போச்சு. அந்த நேரம் பாத்து அம்மா குசினிக்க வந்து பானையைப் பாத்தா, என்னைப் பாத்தா, திரும்பப் பானையைப் பாத்தா. "மகன், உதுக்குள்ள இனிச் சோறு வைக்கேலாது." அவ்வளவுதான் சொன்னா.

மூண்டாந்தரம் பட்டியை முழுசாப் பிரிச்சு, பழைய பசையை விரலால உருட்டி எடுத்து, ரெண்டு பாதியும் தனித்தனியா இருக்கேக்கயே வளைச்சன். தண்ணியில பின் விளிம்பு ரெண்டு அங்குலம் மட்டும்தான் தொடோணும், நெட்டுக்குத்தாப் பிடிக்கோணும், ரப்பர் கையுறைக்கு உள்ள துணிக் கையுறை ஒண்டும் போடோணும். அரை நிமிஷம் போல வச்சு எடுத்து, வளைக்கிறதைத் தேவைக்குக் கொஞ்சம் கூட வளைச்சு, அப்பிடியே பைப்புத் தண்ணிக்குக் கீழ பிடிச்சா நிண்டிடும். கொஞ்சம் திரும்ப விரியும், அதுக்குத்தான் கூட வளைக்கிறது. முதல் வளைவு, பிறகு பசை. இந்த ஒழுங்கை மாத்தினா நான் பட்ட பாடுதான். மழுங்கின முகடு மழுங்கினதுதான், மேல பட்டி வந்தபடியா கிட்ட வந்து பாத்தாத்தான் தெரியும், கிட்ட வாறவனை நான் பாத்துக்கொள்ளுறன்.

இந்த ஹெல்மெட் சிற்பமா இல்ல வெறும் படச் சாமானா எண்டு பதிப்புரிமை வழக்கு ஒண்டு பிரித்தானிய உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 2011ல சிற்பம் இல்ல எண்டு தீர்ப்பு வந்தது. நீதிபதிமார் எங்கட குசினிக்க ஒரு ராத்திரி நிண்டிருந்தா வேற மாதிரி எழுதியிருப்பினம்.

சாமான் பக்கம் ரெண்டு விசயம். கவசத்தை உடம்பில கட்டுற வார்ப் பட்டிகளுக்குப் போடுற பிரஸ் பட்டன் மலிவில வாங்கினது கடல் காத்துக்கு ஒரு மாசத்தில துருப்பிடிச்சு வெள்ளைப் ப்ளாஸ்டிக்கில தேத்தண்ணிக் கறை விட்டிட்டுது, பித்தளை எடுங்கோ. வெயில்ல காய விடுறவங்கள் அதையும் நிப்பாட்டுங்கோ, ஏபிஎஸ் மஞ்சளாப் போகும்.

சப்பாத்து இன்னும் கிடைக்கேல்ல. கணுக்கால் உயரத்தில ரெண்டு பக்கமும் எலாஸ்டிக் வச்ச வெள்ளைச் செல்சி பூட்ஸ் வேணும். மெயின் வீதி முழுக்க நடந்தன், வெள்ளை எண்டோன எல்லாக் கடையிலயும் ஸ்கூல் சப்பாத்தைத் தூக்கிக் காட்டுறாங்கள், ஒருத்தர் எத்தனையாம் வகுப்பு எண்டும் கேட்டார். கறுப்பை வாங்கித் தோல் பெயின்ற் அடிக்கிறதுதான் வழி போல. துவக்கு நான் செய்யேல்ல. படத்தில உள்ளது உண்மையான ஸ்டேர்லிங் துவக்கை வச்சுச் செய்தது, தூரத்தில இருந்து பாத்தா அசல்தான், நேவி நிக்கிற ஊரில அதோட கடற்கரையில நடந்து விளக்கம் சொல்ல எனக்கு ஏலாது. வெறுங்கையோட நிக்கிறன்.

இடது முழங்கால்ல வாற அந்தப் பெட்டித் தகடு இன்னும் ஒட்டேல்ல, அதுக்கு முதல் வலது கால் வளைக்கோணும், சனிக்கிழமை செய்வன். அம்மா புதுப் பானை வாங்கிட்டா, பழசு இனி எனக்குத்தான்.