பெண்கள் வரைந்த ஊர்

"இங்க எல்லாரும் ஒத்துமையாத்தான் இருக்கோம்." குமரிக் கடற்கரையில் எந்த ஊருக்குப் போய் விசாரித்தாலும் முதலில் கிடைக்கும் பதில் இது. பொய் என்று சொல்லமாட்டேன். நோட்டுப் புத்தகத்தோடு வந்து நிற்கும் வெளியாளுக்குச் சொல்ல ஒரு பதில் வேண்டும் அல்லவா? சுனாமிக்குப் பிறகு அப்படிக் கேள்வி கேட்க வந்தவர்கள் ஏராளம். மக்கள் தங்கள் ஊரோடு எப்படி ஒட்டியிருக்கிறார்கள் என்பதைக் கேள்வித்தாள் வைத்து அறிய முடியாது என்று நான் நம்பத் தொடங்கியது இந்தப் பணியில்தான்.

குளச்சல் பக்கம் ஒரு மீனவ ஊர். 2004 டிசம்பர் 26 சுனாமியில் வீடிழந்தவர்களுக்குக் கடலை விட்டு உள்ளே தள்ளிக் குடியிருப்பு கட்டிக் கொடுத்திருந்தார்கள். இன்றைக்கும் அதற்குச் 'சுனாமி காலனி' என்றுதான் பெயர். பாதிக் குடும்பங்கள் அங்கே, மீதி பழைய கரையில். கோயில் ஒன்று, திருவிழா ஒன்று, கல்லறைத் தோட்டம் ஒன்று. இரண்டு பக்கத்தாருக்கும் சேர்த்து ஒரு பொதுக் கட்டடம் கட்டவேண்டும், அதையும் மக்களோடு சேர்ந்தே வடிவமைக்கவேண்டும் என்பது நான் இருந்த தொண்டு நிறுவனம் எடுத்துக்கொண்ட வேலை.

பங்கேற்பு வடிவமைப்பு என்ற இந்த முறை தொழிற்சங்கங்களில் பிறந்தது. 1970களில் நார்வேயின் இரும்பு உலோகத் தொழிலாளர் சங்கம், ஆலைக்குள் கணினி வந்தால் அது எப்படி வரவேண்டும் என்பதில் தங்களுக்கும் சொல் வேண்டும் என்று ஆய்வாளர்களோடு சேர்ந்து உழைத்தது. 1981இல் தொடங்கிய யுடோப்பியா என்ற திட்டத்தில் அச்சுத் தொழிலாளர்கள் வெறும் அட்டைப் பெட்டியை லேசர் பிரிண்டராக வைத்துக்கொண்டு, வரப்போகும் வேலையை நடித்துப் பார்த்தார்கள். கையில் தொட்டு நகர்த்த ஒரு பொருள் இருந்தால், பேசப் பழகாதவரும் தன் கருத்தைச் சொல்லிவிடுவார். நாங்கள் எடுத்துக்கொண்டது அந்த அட்டைப் பெட்டியைத்தான்.

முதலில் ஊரை வரையச் சொன்னோம். கோயில் முற்றத்தில் சுண்ணாம்புப் பொடியும் சிப்பியும் வைத்து ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். ஆண்களின் வரைபடத்தில் கரை ஒரு கோடு மட்டும். மற்ற இடமெல்லாம் கடல். மீன் கூடும் கடலடிப் பாறைத் திட்டான 'பார்' எது எங்கே கிடக்கிறது, எந்த மலைமுகட்டை எந்தக் கோபுரத்தோடு சேர்த்துப் பார்த்தால் அந்த இடம் வரும் என்று வாதம். வீடுகளைக் காணோமே என்று ஒரு சிறுமி கேட்டதற்கு, "வீடு எங்க போகும் மக்ளே, இதுதான் நம்ம இடம்" என்றார் ஒரு தாத்தா.

பெண்கள் எதிர்த்திசையில் போனார்கள். மீன் விற்கும் பெண்கள் தலைச்சுமையாகவும் ஆட்டோவிலும் போய்வரும் திங்கள்சந்தை, மணவாளக்குறிச்சி, தக்கலை வரை பொடி நீண்டது. ரோட்டோர வீடுகளை ஒவ்வொன்றாகச் சிப்பி வைத்துக் குறித்தார்கள். அந்த வீட்டுக்காரர்கள் வேறு சாதி, பலர் வேறு மதம். அவர்கள் எப்படி உங்கள் ஊர் ஆவார்கள் என்று கேட்டேன். மீன் விற்கும் அக்கா ஒருவர் ஒரு சிப்பியைக் காட்டி, "ஒக்கி சமயத்துல இவிய நான் கேக்காமலே அரிசி தந்தாவ. பின்ன இவிய ஆரு?" என்றார். 2017 நவம்பர் 30 அன்று அடித்த ஒக்கி புயலில் கடலுக்குப் போன பலர் திரும்பவில்லை; கரையில் இருந்தவர்களும் பல நாள் தொழிலுக்குப் போகவில்லை. அந்த நாட்களில் பசியாற்றிய வீடுகள் இந்தப் படத்தில் இருந்தன. கேள்வித்தாளில் இதற்குக் கட்டம் கிடையாது.

அப்புறம் கட்டடம். அட்டையில் அறைகள், கதவு, திண்ணை எல்லாம் வெட்டிக் கொடுத்தோம். வலை வைக்கும் அறையை ஆண்கள் நடுவில் வைத்தார்கள். பெண்கள் எடுத்து ஓரத்தில் வைத்தார்கள். கதவைக் கடலைப் பார்த்து வைத்தால் காலனிக்காரர்கள் சுற்றிக்கொண்டு வரவேண்டும். உண்மையான சண்டை சாவியில் வந்தது. கட்டடத்தின் சாவி ஊர்க் கமிட்டியிடமா, பெண்கள் குழுவிடமா? காலனியில் ஒரு சாவியும் கரையில் ஒரு சாவியும் இருக்கட்டும் என்று ஒருவர் சொன்னதும், "அப்ப நாங்க வேற, நீங்க வேறயா?" என்று குரல்கள் உயர்ந்தன. அன்றுதான் அந்த ஊரின் ஒற்றுமையைக் கண்ணால் பார்த்தேன். வேறு வேறு என்று ஆகிவிடக் கூடாது என்பதற்காகத்தான் அவர்கள் அவ்வளவு கோபப்பட்டார்கள்.

நான் இந்தச் சமூகத்தைச் சேர்ந்தவன் என்ற உணர்வை மக்மில்லன், சாவிஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1986இல் நான்கு கூறுகளாகப் பிரித்தார்கள்: உறுப்பினராக இருப்பது, செல்வாக்கு, தேவைகள் நிறைவேறுவது, மனப்பிணைப்பு. இவற்றில் செல்வாக்கைத்தான் நாம் கேட்கத் தயங்குகிறோம். தன் சொல் ஊரில் எடுபடுமா என்பதை யாரும் வாயால் சொல்வதில்லை. தான் வைத்த அட்டையை இன்னொருவர் எடுக்கும்போது அவர் கை தடுக்கிறதா, விடுகிறதா என்பதில் அது தெரிந்துவிடுகிறது.

அறிக்கையில் இரண்டு வரைபடங்களையும் சேர்த்து ஒன்றாக்கித் தரும்படி நிதி தந்தவர்கள் கேட்டார்கள். பெண்கள் சம்மதிக்கவில்லை, நானும் அவர்கள் பக்கம்தான் நின்றேன். இரண்டும் தனித்தனியாகவே போயின. கதவு ரோட்டைப் பார்த்து அமைந்தது. சாவியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்வது என்று முடிவாகி, முதல் முறை பெண்கள் குழுவிடம் போனது.