அப்பாவும் அம்மாவும் உதட்டில் ஒன்றுதான்

கண்ணாடி முன்னால் நின்று, சத்தம் வராமல் "அப்பா" என்று சொல்லிப் பாருங்கள். அப்புறம் "அம்மா". இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். காது கேளாத என் மகள் உதட்டைப் பார்த்துத்தான் சொல்லைப் பிடிப்பாள். அவள் எங்களை மாற்றி மாற்றிக் கூப்பிட்டபோது அவளுக்கு ஆள் தெரியவில்லையோ என்று கவலைப்பட்டேன். ஆள் நன்றாகத்தான் தெரிந்திருக்கிறது, சொல்தான் உதட்டில் தெரியவில்லை. இது எனக்கு உறைக்கவே ரொம்ப நாளாயிற்று.

குறையைக் கண்டுபிடித்ததும் தாமதம்தான். பிறந்து 1 மாதத்துக்குள் முதல் சோதனை, 3 மாதத்துக்குள் உறுதி செய்வது, 6 மாதத்துக்குள் கருவியோ பயிற்சியோ தொடங்குவது என்பது இதற்கான கணக்கு. எங்களுக்குத் தெரிய வந்தபோது அவளுக்கு ஒன்றரை வயது. கதவை அறைந்து சாத்தினால் திரும்புவாள். தரை அதிர்வது காலில் தெரிந்துதான் திரும்பினாள் என்பது அப்போது யாருக்குத் தெரியும்? நாங்கள் காட்டிய மருத்துவரும் "சில குழந்தைங்க லேட்டாதான் பேசும்" என்று அனுப்பிவிட்டார்.

பெரா டெஸ்ட் எடுக்கக் குழந்தை தூங்க வேண்டும். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர் ஒட்டி, ஒலியை விட்டு, காது நரம்பு பதில் சொல்கிறதா என்று பார்ப்பார்கள். ராத்திரி முழுக்க விழிக்க வைத்துக் கூட்டிப்போனால், வண்டியில் தூங்கி, வாசலில் முழித்துக்கொண்டாள். இரண்டாவது தடவைதான் முடிந்தது. ஒலியின் அளவு 80 டெசிபலுக்கு மேல் போனால்தான் இரண்டு காதிலும் பதில் வந்தது. சாதாரணப் பேச்சே 60 டெசிபல் அளவுதான்.

சரி, ஒலியைக் கூட்டித் தரும் காது மெஷின் மாட்டிவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தோம். மூக்குக் கண்ணாடி மாதிரி அல்ல அது. நம் பேச்சைக் கூட்டிக் கொடுக்கும்போது மின்விசிறிச் சத்தத்தையும் சேர்த்தே கூட்டும். காது வளர வளர, காதுக்குள் பொருந்தும் அச்சான மோல்டு தளர்ந்து, கீ என்று விசிலடிக்கும், மறுபடி அளவெடுக்க ஓட வேண்டும். மாலையில் வந்ததும் அதைக் கழற்றி வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பாள். நாளெல்லாம் உற்றுக் கேட்டே களைத்துப்போகிறாள். அந்த நேரத்தில் நாங்கள் வற்புறுத்துவதில்லை.

சைகை மொழியை ஒரு வருஷம் தள்ளிப்போட்டோம். கை பேச ஆரம்பித்தால் வாய் பேசாது என்று யாரோ சொன்னதை நம்பியதால். இன்றுவரை எனக்கு ஆறாத வருத்தம் அதுதான். கடைசியில் காது கேளாத பெண் ஒருவர்தான் எங்கள் மூவருக்கும் சொல்லிக் கொடுத்தார். கை மட்டும் போதாது, புருவத்தை உயர்த்தாவிட்டால் கேள்வி கேள்வியாகாது என்று என் முகத்தைத் திருத்திக்கொண்டே இருப்பார். சில வாரத்தில் மகள் தன் முதல் "ஏன்?" கேட்டாள். அதன் பிறகு நிறுத்தவில்லை. பேச்சும் நிற்கவில்லை, வந்துகொண்டுதான் இருக்கிறது.

பள்ளியில்தான் நான் சொதப்பினேன். வகுப்புக்குப் போய்க் காதின் படத்தை மாட்டி ஒரு பிரசங்கம் செய்தேன். பிள்ளைகள் "ஐயோ பாவம்" என்றார்கள். மறுநாள் அவளுடைய பையைத் தூக்க மூன்று பேர் வந்தார்கள், விளையாட ஒருவரும் கூப்பிடவில்லை.

அடுத்த வருஷம், செப்டம்பர் 23, சர்வதேச சைகை மொழிகள் தினத்தன்று, பேச்சை விட்டுவிட்டேன். ஆசிரியை சத்தமே இல்லாமல் வாயசைத்து ஒரு சிறு கதை சொன்னார். அப்புறம் கேள்வி. முதலில் ஒரே சிரிப்பு. மூன்றாவது கேள்வியில் ஒரு பையனுக்குக் கோபமே வந்துவிட்டது: "மிஸ், மாடா பாடா, எப்படித் தெரியும்?" அடுத்த தடவை வேண்டுமென்றே ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்று சொன்னார். முகம் இருட்டாகிவிட்டது, உதடும் தெரியவில்லை. பிறகு என் மகள் முன்னால் வந்து பத்துச் சைகைகளைச் சொல்லிக் கொடுத்தாள், தப்பாகச் செய்தவர்களை மறுபடி செய்ய வைத்தாள். மிரட்டல் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் அன்றைக்குப் பாவம் என்று யாரும் சொல்லவில்லை.

ஆசிரியையிடம் நான் கேட்டது கொஞ்சம்தான். கரும்பலகையைப் பார்த்துப் பேச வேண்டாம். பின்பெஞ்சிலிருந்து யாராவது கேட்டால், அந்தக் கேள்வியைத் திருப்பிச் சொல்லுங்கள். கத்த வேண்டாம், கத்தினால் வாயின் வடிவமே மாறிவிடுகிறது. அவர் கழுத்தில் ஒரு சின்ன மைக் மாட்டிக்கொள்வார், குரல் நேரே அவளுடைய மெஷினுக்குப் போகும். ஒரு நாள் அணைக்க மறந்து ஆசிரியர் அறைக்குப் போய்விட்டார். கேட்டதையெல்லாம் வீட்டில் எனக்கு நடித்துக் காட்டினாள். அதை நான் இங்கே எழுத முடியாது.

பள்ளியைவிடச் சொந்தக்காரர்களைப் பழக்குவதுதான் பெரும்பாடு. பத்துப் பேர் கூடிச் சிரிக்கும்போது "என்ன, என்ன?" என்று அவள் கேட்பாள். "ஒண்ணுமில்லடா, அப்புறம் சொல்றேன்" என்பார்கள். அந்த அப்புறம் வருவதே இல்லை. இதைப் பக்குவமாகச் சொல்லிப் பார்த்தேன், சண்டையும் போட்டேன். இப்போது அவளே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டாள். யாராவது அப்படிச் சொன்னால் எழுந்து போய் விளக்கை அணைத்து அணைத்துப் போடுவாள், எல்லோரும் திரும்பும்வரை. பிறகு "இப்போ" என்று சைகை காட்டுவாள்.

பாட்டி இதுவரை நான்கு சைகைகள் கற்றிருக்கிறார். அதில் ஒன்று தப்பு. திருத்தலாம் என்று போனேன், மகள் என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள். அது அவர்கள் இரண்டு பேருக்கும் புரிகிறதாம்.