ஐகிடோ தேர்வு நெருங்குகிறது

ஐகிடோ என்ற ஜப்பானியத் தற்காப்புக் கலையில் போட்டியே கிடையாதாமே, அப்புறம் எதற்குத் தேர்வு என்று கேட்கிறார்கள். நிறுவனர் மொரிஹெய் உயேஷிபா போட்டியை ஏற்கவில்லை. அதனால் பெரும்பாலான டோஜோக்களில் (பயிற்சிக்கூடங்களில்) பதக்கமும் இல்லை, புள்ளியும் இல்லை. தேர்வு மட்டும் உண்டு. கியூ எனப்படும் தொடக்க நிலைகளின் எண் குறைந்துகொண்டே வந்து 1-இல் முடியும். அதைத் தாண்டினால் ஷோதான், கறுப்புப் பட்டை.

தேர்வாளர் உத்தியின் ஜப்பானியப் பெயரைச் சொல்வார், அவ்வளவுதான். "ஷோமென்உச்சி இக்கியோ" என்றால் எதிரில் இருப்பவர் உச்சந்தலையை நோக்கிக் கையை ஓங்கி வருவார். அந்தக் கை இறங்குவதற்குள் முழங்கையையும் மணிக்கட்டையும் பிடித்து அவரைத் தரைக்குக் கொண்டுபோக வேண்டும். வலப்பக்கம், இடப்பக்கம், முன்னால் நுழைந்து, பின்னால் சுழன்று. அதையே மண்டியிட்டுச் செய்யச் சொன்னால்தான் தொல்லை. கால்விரல்களை மடக்கி ஊன்றியபடியே நகர வேண்டும்.

என்னைக் கேட்டால், வீசுபவரைவிட விழுபவரைத்தான் கவனிக்க வேண்டும். தாடையை மார்போடு ஒட்டி, முதுகை வளைத்து, சத்தமில்லாமல் உருண்டு எழுகிறாரா? ஒழுங்காக வகுப்புக்கு வருகிற ஆள்தான்.

இந்த மாதம் எனக்கு உகே வேலை. தேர்வு தோழிக்கு, விழப்போவது நான்.