விறாந்தையிலும் கட்டில்கள்

ரொறன்ரோவிலிருந்து 400 ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே போய் 11 இல் ஏறினால் ஒறிலியா வந்துவிடும். கோடையில் நம்மவர்கள் ஏரிக்கும், சிலர் கசினோவுக்கும் போகிற ஊர். அங்கே சிம்கோ ஏரிக்கரையில் ஒரு பழைய செங்கல் கட்டடத் தொகுதி நிற்கிறது. தெரியாதவர் பார்த்தால் ஏதோ பேர்போன கல்லூரி என்றுதான் நினைப்பார்.

அதில் நியாயமும் உண்டு. அதை வரைந்தவர் ஒன்ராறியோ மாகாண அரசின் கட்டடக் கலைஞரான கிவாஸ் டல்லி. ரொறன்ரோ குயீன் வீதியில் இருந்த பழைய ரினிற்றி கல்லூரியும் கோபர்க் ஊரின் விக்ரோறியா மண்டபமும் அவர் கைவேலைதான்.

மனவளர்ச்சி குன்றியோருக்காக அரசு 1876 இல் தொடங்கிய நிலையம் இது. ஏரிக்கரைக்கு வந்தது சில ஆண்டுகள் கழித்து. தொடக்கத்தில் வைத்த பெயரை இன்று வாய்விட்டுச் சொல்லக் கூசும். பிறகு ‘ஒன்ராறியோ வைத்தியசாலைப் பாடசாலை’ என்றார்கள்; 1974 இல் ஹூரோனியா பிராந்திய நிலையம் ஆக்கினார்கள். 2009 மார்ச் 31 அன்று பூட்டினார்கள்.

இப்படிப்பட்டவர்கள் சிலரை ஒரு வீட்டில் வைத்துப் பராமரிக்கும் குறூப் ஹோம் ஒன்றில் நான் வேலை செய்தேன். அங்கே இருந்த ஒரு பெரியவர் சிறுவயதில் ஹூரோனியாவில் வளர்ந்தவர். அந்த நிலையத்தில் இருந்தவர்கள் தங்களுக்கு நடந்த கொடுமைகளுக்காக அரசுக்கு எதிராகப் போட்ட வழக்கு 2013 இல் 3.5 கோடி டொலர் இணக்கத்தில் முடிந்தது. அந்த டிசெம்பரில் அப்போதைய மாகாண முதல்வர் கத்லீன் வின் சட்டசபையில் மன்னிப்புக் கேட்டார். அதையொட்டி, முன்பு இருந்தவர்களை உள்ளே போய்ப் பார்க்க விட்டார்கள். அந்தப் பெரியவருக்குத் துணையாக நானும் போனேன்.

நான் முகப்பை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் நிற்கவேயில்லை. “இதாலே நாங்கள் போறதில்லை” என்றுவிட்டு நேரே படுக்கும் கூடத்துக்குக் கூட்டிப்போனார். நீளமான கூடம், பெரிய யன்னல்கள், ஒரு தடுப்புச் சுவர்கூட இல்லை. வெறும் தரையில் குதிக்காலோடு பெருவிரல் முட்ட ஒரு சப்பாத்து அளவு வைத்துக் காட்டினார். இரண்டு கட்டில்களுக்கு இடையே அவ்வளவுதான் இடமாம். கழிவறைப் பக்கம் கையைக் காட்டி, “கதவு இல்லை” என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

பத்திரிகையாளர் பியர் பேர்ட்டன் 1960 ஜனவரியில் ரொறன்ரோ ஸ்ரார் பத்திரிகையில் இந்த நிலையத்தைப் பற்றி எழுதியதை அப்புறம்தான் தேடி வாசித்தேன். அப்போது அங்கே 2,807 பேர். 70 கட்டிலுக்கென்று கட்டிய ஓர் அறையில் அவர் எண்ணியது 90. மிச்சக் கட்டில்கள் விறாந்தையிலும் வகுப்பறையிலும். பெயரில் மட்டும் பாடசாலை! காற்று வாங்கவென்று வைத்த விறாந்தைகள் கடைசியில் அதற்குத்தான் உதவின.

ஊரில் நாம் படித்த கல்லூரியின் விடுதியும் அதே அமைப்புத்தானே. நீளக் கூடம், இரு வரிசைக் கட்டில்கள், மூலையில் விடுதி மாஸ்ரரின் அறை. இரவில் யார் குசுகுசுத்தாலும் அவருக்குக் கேட்கும். ஆனால் கட்டிலுக்குக் கீழே றங்குப்பெட்டி இருந்தது. திறப்பு நம் அரைஞாணில் தொங்கியது. தவணை முடிந்தால் வீட்டுக்குப் போனோம். அம்மா தந்துவிட்ட பருத்தித்துறை வடையைப் பெட்டிக்குள் ஒளித்து வைக்க முடிந்தது, பக்கத்துக் கட்டில்காரன் மோப்பம் பிடிக்கும்வரை. அந்தப் பெரியவருக்கு ஒளித்து வைக்க ஓர் இடமும் இருக்கவில்லை. போக ஒரு தவணை விடுமுறையும் வரவில்லை. அங்கே செத்தவர்கள் பலருக்குக் கல்லறைக் கல்லில்கூட பெயர் இல்லை, எண் மட்டுந்தான். பிற்காலத்தில் அந்தக் கற்களில் சிலவற்றைக் கிளப்பி நடைபாதைக்குப் பதித்தார்கள்.

நடந்த கொடுமைகளுக்குப் பணியாளர்கள்தான் காரணம் என்று சொல்வது சுலபம். எனக்கு அது பாதிக் காரணம்தான். ஓர் ஆள் ஒரு மூலையில் இருந்து நூறு பேரைப் பார்க்கும்படி ஒரு கூடத்தைக் கட்டிவிட்டால், மறைவு என்பதே அங்கே குற்றமாகிவிடும். எல்லாவற்றையும் இடித்துத் தள்ள வேண்டும் என்பவர்களோடும் நான் சேரமாட்டேன். அந்த ஒரு கூடத்தையாவது வெறுமையாகத் திறந்து வைக்க வேண்டும்.

சரி, நமது கல்லூரியின் பழைய மாணவர் சங்க விஷயத்துக்கு வருகிறேன். விடுதியின் புதிய மாடிக்குப் பணம் கேட்டு வந்த கடிதத்தோடு வரைபடமும் எல்லோருக்கும் வந்திருக்கும். அதிலும் ஒரே கூடம்தான் கீறியிருக்கிறார்கள். செலவு கொஞ்சம் கூடும், தெரியும். ஆனாலும் நாலு நாலு கட்டிலாகத் தடுத்து, பிள்ளைக்கு ஒன்றாகத் திறப்புள்ள அலுமாரியும், குளியலறைகளுக்கு உள்ளே கொழுவக்கூடிய கதவுகளும் போடச் சொல்லிச் செயலாளருக்கு எழுதியிருக்கிறேன். ஒத்துக்கொள்பவர்கள் பொதுக்கூட்டத்துக்கு முன் நீங்களும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.