ஜெனரேட்டர் மட்டும் போதும்

மூடப்போகும் ஒரு நிலக்கரி மின்நிலையத்தில், இனி ஷிஃப்டுக்கு எத்தனை பேர் என்று ஒரு ஆப்பரேட்டர் என்னிடம் கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதில் சரியானதுதான். இன்று அவர் வந்து கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனாலும் சொன்ன நேரமா, சொன்ன விதமா, கேட்டுவிட்டு அவர் செய்த காரியமா, எது உறுத்துகிறது என்று பிடிபடாமல் அந்தப் பேச்சு இன்னும் எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

நிலையத்தை மூடுவது அதற்கு முன்பே முடிவாகிவிட்டது. அந்த முடிவில் எனக்குப் பங்கில்லை, உடன்பாடு உண்டு. அரைகுறை உடன்பாடு இல்லை, முழு உடன்பாடு. அந்த வயதான யூனிட்டுகளில் எரிகிற நிலக்கரியின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாக வெளியே வரும். ஒவ்வொரு மெகாவாட் மணி மின்சாரத்துக்கும் சுமார் ஒரு டன் கார்பன் டை ஆக்சைடு. 540 டிகிரி நீராவியில் பல ஆண்டுகள் வெந்த குழாய்களின் உலோகம் மெல்ல மெல்ல இளகி மெலிந்துகொண்டே வரும். ஓரிடத்தில் ஒட்டுப்போட்டால் அடுத்த மாதம் இன்னோர் இடத்தில் கசியும். போதாததற்கு, பகலில் சோலார் வந்ததும் லோடைக் குறை, மாலையில் ஏற்று என்று தினமும் வேலை வாங்கினோம். தடித்த இரும்பு சூடேறி, ஆறி, மறுபடி சூடேறினால் விரிசல் விடத்தான் செய்யும். ஒரே லோடில் மாதக்கணக்கில் ஓடுவதற்காகக் கட்டிய நிலையம் அது. இன்னும் பத்து ஆண்டுகள் இழுக்கலாம் என்று சொன்னவர்களோடு நான் கடுமையாகவே வாதாடியிருக்கிறேன். 2010க்கும் 2020க்கும் இடையில் பெரிய சோலார் நிலையங்களின் மின் உற்பத்திச் செலவு ஏறத்தாழ 85 சதவீதம் குறைந்துவிட்ட பிறகு, இந்தப் பாய்லர்களுக்குப் புதுக் குழாய் போடுவதில் எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

என் வேலை, மூடிய பிறகு அங்கே எதை மிச்சம் வைக்கலாம் என்று பார்ப்பது. இடம், சப்ஸ்டேஷன், மின்தடங்கள் எல்லாம் தயாராக இருக்கின்றன. சோலாரையும் பேட்டரியையும் அதே இணைப்பில் கொண்டுவரலாம். கூடவே இன்னொரு யோசனை. ஒரு ஜெனரேட்டரை மட்டும் வைத்துக்கொண்டு அதை சிங்க்ரனஸ் கண்டென்சராக, அதாவது மின்சாரம் உற்பத்தி செய்யாமல் கிரிட்டோடு சேர்ந்து சுழன்று வோல்டேஜைத் தாங்கும் இயந்திரமாக, மாற்றுவது.

அவர் டர்பைன் பகுதியின் மூத்த ஆப்பரேட்டர். நான் கேட்டனுப்பிய வரைபடங்களைப் பார்த்தே விஷயத்தை ஊகித்திருந்தார். இரவு ஷிஃப்டில் கன்ட்ரோல் ரூமில் பிடித்துக்கொண்டார்.

"பாய்லர் போகுது, டர்பைன் போகுது, ஜெனரேட்டர் மட்டும் இருக்குமாமே தம்பி?"

"ஆமாண்ணே. டர்பைனோட சேக்குற கப்ளிங்கைக் கழட்டிட்டுத் தனியா சுத்த விடுவோம்."

கொஞ்சம் யோசித்தார். "த்ரஸ்ட் பேரிங் டர்பைன் பக்கம்ல இருக்கு. பிரிச்சிட்டா ரோட்டர் முன்ன பின்ன நகராம எது பிடிக்கும்?"

"புதுசா ஒண்ணு வைக்கணும். எஸ்டிமேட்ல போட்டிருக்கு."

"நீராவி இல்லாம எப்படிக் கிளப்புவீங்க?"

"தனி டிரைவ் ஒண்ணு வச்சு 3000 ஆர்பிஎம் வரைக்கும் கொண்டுபோய், கிரிட்டோட சேத்துருவோம். அப்புறம் கிரிட்டே சுத்திக்கும்."

"நல்லது. ஷிஃப்டுக்கு எத்தனை பேரு?"

"யாரும் தேவைப்படாதுண்ணே. கிரிட்டைப் பாத்துக்கற லோட் டெஸ்பாட்ச் சென்டர்ல இருந்தே ஓட்டிக்கலாம்."

இவ்வளவுதான். கோபப்படவில்லை, கெஞ்சவில்லை. மேசையிலிருந்த நோட்டுப் புத்தகத்தை என் பக்கம் தள்ளி, "அப்ப எழுதிக்க" என்றார்.

பிறகு அந்த ஜெனரேட்டரின் குணங்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். பேரிங்குகளுக்கான மசகு எண்ணெயின் சூடு 40 டிகிரிக்குக் கீழே இறங்கினால் பின்பக்க பேரிங்கில் அதிர்வு ஏறும். அலாரம் வரும்வரை காத்திருக்கக் கூடாது. ஜெனரேட்டரைக் குளிர்விக்கும் ஹைட்ரஜன் வெளியேறாமல் காக்கும் சீல் ஆயிலின் பிரஷர் கேஜ் கொஞ்சம் சோம்பேறி, அதன் முதல் காட்டலை நம்பக் கூடாது. காற்றில் ஈரம் ஏறும் நாட்களில் ரோட்டருக்கு கரன்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ்களின் தூசியை அடிக்கடி துடைக்க வேண்டும். வேகம் ஏற்றும்போது எந்த இடத்தில் ஷாஃப்ட் நடுங்கும், அங்கே நிற்காமல் எப்படித் தாண்டுவது என்பதையும் சொன்னார். நான் எழுதிக்கொண்டேன்.

அந்தக் கடைசிக் குறிப்பு இனி உதவாது. டர்பைனைப் பிரித்துவிட்டால் ஷாஃப்டின் நீளமும் எடையும் மாறிவிடும். எந்த வேகத்தில் நடுங்கும் என்பதும் மாறிவிடும். அது எனக்குத் தெரியும், அவரிடம் சொல்லவில்லை. இதைத்தான் நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன். ஒரு நடுங்கும் வேகத்தைப் பற்றிய உண்மையைச் சொல்லாமல் விட அன்று எனக்கு மனம் வந்தது. ஆட்கள் வேண்டாம் என்ற உண்மையை மட்டும் ஏன் ஒரு நொடியும் யோசிக்காமல் சொன்னேன்?

என் தரப்பையும் சொல்ல வேண்டும். அந்த ஜெனரேட்டர் ஏன் வேண்டும் என்பது வீண் ஆசையில் வந்ததல்ல. நிலக்கரி நிலையம் மின்சாரத்தோடு வேறு சிலவற்றையும் கிரிட்டுக்குத் தந்துகொண்டிருந்தது. யாரும் அதற்குத் தனி பில் போட்டதில்லை. பல டன் எடையுள்ள ரோட்டர் சுழன்றுகொண்டிருப்பதால் கிடைக்கும் இனர்ஷியா ஒன்று. எங்கோ ஒரு பெரிய நிலையம் திடீரென்று விழுந்தால் ஃப்ரீக்வென்சி சட்டென்று சரியாமல் அது தாங்கும், மற்றவை சுதாரிக்க சில நொடிகள் கிடைக்கும். இன்னொன்று வோல்டேஜைப் பிடித்து வைக்கும் ரியாக்டிவ் பவர். மூன்றாவது, எங்காவது ஷார்ட் சர்க்யூட் ஆனால், கோளாறான பகுதியைத் துண்டிக்கச் சொல்லும் ரிலேக்கள் அதை அடையாளம் காணும் அளவுக்குப் பாயும் கரன்ட். சாதாரண சோலார் இன்வெர்ட்டர் இவற்றைத் தானாகத் தராது.

2019 ஆகஸ்ட் 9 அன்று பிரிட்டனில் மின்னல் விழுந்த அடுத்த நொடிகளில் ஒரு கடல் காற்றாலையும் ஒரு எரிவாயு நிலையமும் அடுத்தடுத்து விலகின. 50 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டிய ஃப்ரீக்வென்சி 48.8 ஹெர்ட்ஸுக்கு இறங்கி, பத்து லட்சத்துக்கும் அதிகமான இணைப்புகள் இருண்டன. 2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் வோல்டேஜ் கட்டுக்கடங்காமல் ஏறி, நிலையங்கள் வரிசையாக விலகி, நாடு முழுக்க மின்சாரம் போனது. இதை வைத்து, பார்த்தீர்களா, நிலக்கரியை மூடினால் இதுதான் கதி என்கிறார்கள். அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நிலக்கரி தந்த மூன்று வேலைகளையும் நிலக்கரி இல்லாமலே செய்ய முடியும். யார் செய்வது என்று முன்கூட்டியே ஏற்பாடு வேண்டும், அவ்வளவுதான். ஜெர்மனியின் பிப்லிஸில் மூடிய அணுமின் நிலையத்தின் ஜெனரேட்டர் ஒன்றை 2012-இல் இப்படித்தான் சிங்க்ரனஸ் கண்டென்சராக மாற்றினார்கள். அடுத்த ஆண்டு கலிபோர்னியாவின் ஹன்டிங்டன் பீச்சில் எரிவாயு யூனிட்டுகள் இரண்டை மாற்றினார்கள். தெற்கு ஆஸ்திரேலியா 2021-இல் புதிதாகவே நான்கு சிங்க்ரனஸ் கண்டென்சர்களை நிறுவி, அதற்காகவே ஓடிக்கொண்டிருந்த எரிவாயு யூனிட்டுகளின் எண்ணிக்கையைக் குறைத்தது. அயர்லாந்தின் மணிபாயின்ட் நிலக்கரி நிலையத்தில் இனர்ஷியாவைக் கூட்டும் மிகப் பெரிய ஃப்ளைவீல் என்ற கனத்த சக்கரத்தோடு ஒன்று நிற்கிறது. அங்கே 2025-இல் நிலக்கரி எரிப்பதையே நிறுத்திவிட்டார்கள். பிரிட்டனில் 2012-இல் ஏறத்தாழ 40 சதவீத மின்சாரம் நிலக்கரியிலிருந்து வந்தது. 2024 செப்டம்பர் 30 அன்று கடைசி நிலக்கரி நிலையமான ராட்கிளிஃப் மூடப்பட்டதோடு அது பூஜ்யமானது. முடியாது என்று சொல்ல இனி யாருக்கும் இடமில்லை.

ஆக, நான் செய்தது தேவையான வேலை. இதைச் சொல்லிக்கொள்ளும்போது கொஞ்ச நேரம் நிம்மதியாக இருக்கும். பிறகு "ஷிஃப்டுக்கு எத்தனை பேரு" என்பது திரும்ப வரும்.

உண்மையை மறைத்திருக்கலாமா? "மேனேஜ்மென்ட் முடிவு பண்ணும்ணே" என்று நழுவியிருக்கலாம். அலுவலகத்தில் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். நான் அப்படி நழுவாததற்குக் காரணம் உண்டு. ஆஸ்திரேலியாவின் ஹேசல்வுட், 1600 மெகாவாட் நிலையம். 2016 நவம்பரில் மூடப்போவதாக அறிவித்து, 2017 மார்ச் இறுதியில் மூடிவிட்டார்கள். அரை நூற்றாண்டு ஓடிய இடத்துக்கு ஐந்து மாத அவகாசம். அதற்குப் பிறகுதான் அந்த நாட்டில் பெரிய நிலையங்கள் மூடுவதைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கு முன்பே அறிவிக்க வேண்டும் என்று விதி வந்தது. கடைசி நிமிடம் வரை நம்பிக்கையை ஊட்டி வளர்ப்பது கொடுமை என்று நான் நம்புகிறேன். ஜெனரேட்டர் இருக்கிறது, அதனால் நமக்கும் இடம் இருக்கும் என்று அவரும் மற்றவர்களும் எண்ணிக்கொண்டு வேறு வழி தேடாமல் இருந்துவிட்டால்? சீக்கிரம் சொன்னதே நல்லது.

இதுவும் சரியான வாதம்தான். ஆனால் அன்று பேசும்போது ஹேசல்வுட் என் நினைவிலேயே இல்லை. பின்னால் யோசித்துச் சேர்த்துக்கொண்டது. அன்று நான் ஒரு டெக்னிக்கல் கேள்விக்குப் பதில் சொல்கிற சுறுசுறுப்பில் இருந்தேன். த்ரஸ்ட் பேரிங், ஸ்டார்ட்டிங் டிரைவ், ஆட்கள் என்று ஒரே மூச்சில், ஒரே குரலில் வந்தது. அவர் வேண்டுமென்றேதான் கேள்விகளை அந்த வரிசையில் கேட்டாரோ என்றுகூடச் சில சமயம் தோன்றும். மெஷினைப் பற்றி எல்லாம் யோசித்தாயிற்றா என்று முதலில் பார்த்துக்கொண்டு, அப்புறம் தன் விஷயத்துக்கு வந்தார்.

அறிக்கையில் ஒரு அட்டவணை இருந்தது. பழைய ஜெனரேட்டரை மாற்றுவது, ஃப்ளைவீலோடு புதியது வாங்குவது, தானே வோல்டேஜையும் ஃப்ரீக்வென்சியையும் உருவாக்கித் தரக்கூடிய இன்வெர்ட்டரோடு பேட்டரி வைப்பது, இந்த மூன்றுக்குமான ஒப்பீடு. பழையதை மாற்றும் வழி இயல்பிலேயே கொஞ்சம் பின்தங்கியது. இனர்ஷியாவின் பெரும்பகுதி டர்பைனின் எடையில் இருக்கிறது. அதைக் கழற்றிவிட்டால் வெறும் ஜெனரேட்டரில் மிஞ்சுவது குறைவு. வோல்டேஜுக்கும் ஷார்ட் சர்க்யூட் கரன்டுக்கும்தான் அது உருப்படியாக உதவும். அதில் ஷிஃப்டுக்கு ஆட்கள் என்று ஒரு வரி சேர்த்திருந்தால், பேட்டரி ஜெயித்திருக்கும். ஜெனரேட்டரும் டர்பைனோடு சேர்ந்து பழைய இரும்புக்குப் போயிருக்கும். அப்போது அவருக்கும் வேலை இல்லை, மெஷினும் இல்லை. இதைவிடத் தெளிவான கணக்கு இருக்க முடியாது.

இருந்தாலும் அந்த அட்டவணையில் எல்லா வரியையும் நாங்கள் ஒரே கண்டிப்போடு பார்த்தோமா? உதிரி பாகங்கள் கிடைக்கும் என்ற ஊகத்தைத் தாராளமாக ஏற்றுக்கொண்டோம். பேட்டரியின் ஆயுளை அதை விற்பவர் சொன்னபடியே எடுத்துக்கொண்டோம். அனுபவமுள்ள ஒருவர் பேரிங்கின் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்வதற்கு எந்த மதிப்பும் போடவில்லை, ஏனென்றால் அதைப் போட எங்களிடம் கட்டமே இல்லை. எல்லாத் துறையிலும் இப்படித்தான் என்று சொல்லலாம். சூரிய ஒளியைக் கொண்டுவருகிறோம் என்று பெருமையோடு சொல்கிற துறையிலாவது வேறு மாதிரி இருக்க வேண்டாமா என்பது என் ஆதங்கம். நிலக்கரியை மூடுவதை எதிர்ப்பவர்கள் தொழிலாளியின் பெயரைச் சொல்லித்தான் எதிர்க்கிறார்கள். அவர்களில் பலருக்கு அந்தத் தொழிலாளியின் மேல் பெரிய அக்கறை கிடையாது. ஆனால் அவர்களுக்கு அந்த இடத்தை விட்டுக்கொடுத்தது நம்மைப் போன்றவர்கள்தான்.

சோலாரில் வேலை இருக்கிறது என்பார்கள். இருக்கிறது, கட்டும்போது நிறைய. கட்டி முடித்ததும் பேனலைக் கழுவவும் புல் வெட்டவும் இன்வெர்ட்டரைப் பார்க்கவும் கொஞ்சப் பேர் போதும். எரிபொருள் வேண்டாம், சாம்பல் இல்லை, அசையும் பாகம் இல்லை என்று நாம் எதையெல்லாம் பாராட்டுகிறோமோ, அதே காரணத்தால்தான் ஆட்களும் குறைவு. இதற்கு என்ன செய்வது என்று எனக்கு முழுப் பதில் கிடையாது.

ஜெனரேட்டரை மாற்றியாயிற்று. நன்றாக ஓடுகிறது. பக்கத்தில் ஒருவரும் இல்லாமல், தூரத்திலிருந்து சொன்னபடி வோல்டேஜை ஏற்றி இறக்கிக்கொண்டு, எந்தக் குறையும் இல்லாமல் ஓடுகிறது. ஏதாவது கோளாறு வந்து, அவரைத் தேடிப் போயிருந்தால் என் மனம் ஒருவேளை ஆறியிருக்கும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அவர் சொன்ன குறிப்புகளை அறிக்கையின் பின்னிணைப்பாகச் சேர்த்தேன், ஷாஃப்ட் நடுங்கும் வேகம் உட்பட. அதன் கீழே, பிரித்த பிறகு இதைப் புதிதாக அளக்க வேண்டும் என்று ஒரு குறிப்பு போட்டேன். அதை யாராவது பிரித்துப் படித்தார்களா என்று கேட்கவில்லை. அவரோடும் பிறகு பேசவில்லை. நம்பர் இருக்கிறது.

இப்போது வேறொரு நிலையத்துக்கு இதே போன்ற ஆய்வு நடக்கிறது. அட்டவணையின் முதல் வரியாக, மாற்றிய பின் முதல் மூன்று ஆண்டுகளுக்குப் பழைய ஆப்பரேட்டர்கள் அங்கேயே இருப்பதற்கான செலவு என்று சேர்த்தேன். இது நம் ஆய்வின் எல்லைக்குள் வராது என்று மேலே அடித்துவிட்டார்கள். அந்த வரியோடு சேர்த்தால் கணக்கு நிற்காது என்பதும் உண்மைதான், நானே போட்டுப் பார்த்துவிட்டேன். நேற்று அதை மறுபடியும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன்.