மிச்சக் காணி யாருக்கு?

சனிக்கிழமை காலையில் கொக்குவிலில் உயர்தர மாணவர்களுக்கு அரசியல் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். இந்த வாரம் அமெரிக்க அரசியலமைப்பு. கரும்பலகையில் ‘சமஷ்டி’, அதாவது கூட்டாட்சி, என்று எழுதி முடிப்பதற்குள் முன் வாங்கில் இருந்தவர்கள் பண்புகளை ஒப்புவித்துவிட்டார்கள்: எழுதப்பட்ட அரசியலமைப்பு, அதிகாரப் பங்கீடு, சுதந்திரமான நீதித்துறை, இரு மன்றங்கள். ஒரு சொல்கூடப் பிழையில்லை. ஆனாலும் எனக்கு மனம் கனத்தது.

எங்கள் வீட்டில் சமஷ்டி என்பது பரீட்சைக்கான சொல்லாக இருந்ததில்லை. 1961 பெப்ரவரியில் யாழ்ப்பாணக் கச்சேரி (மாவட்ட அரச அலுவலகம்) வாசலில் சத்தியாக்கிரகம் தொடங்கியபோது அப்பாவும் போய்த் தரையில் உட்கார்ந்தவர். அவருடைய தமிழரசுக் கட்சிக்கு ஆங்கிலத்தில் சமஷ்டிக் கட்சி என்றுதான் பெயர். அந்தச் சொல்லைச் சொன்னவர்களெல்லாம் பிரிவினைக்காரர் என்று ஏச்சு வாங்கினார்கள். சமஷ்டி கேட்பது பிரிவினை கேட்பதாகாது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2017 ஓகஸ்டில். அப்பா அதைக் கேட்க இருக்கவில்லை.

ஆகவே கொப்பியை மூடச் சொல்லிவிட்டுக் காணிக் கதையில் தொடங்கினேன்.

பதின்மூன்று சகோதரர்கள். ஒவ்வொருவருக்கும் சொந்தக் காணி இருக்கிறது. எல்லோருக்குமாக ஒரு பொது மடம் கட்ட, ஒவ்வொருவரும் தன் காணியில் சில பரப்பை எழுதிக் கொடுக்கிறார்கள். மிச்சக் காணி யாருக்கு? “சகோதரர்களுக்குத்தான்” என்றார்கள். பதின்மூன்று மாநிலங்கள் சேர்ந்து அமெரிக்கா அப்படித்தான் உண்டானது. 1787 இல் வரைந்த அரசியலமைப்பின் முதலாம் உறுப்புரை, எட்டாம் பிரிவு: நாணயம் அடித்தல், போர்ப் பிரகடனம், தபால், வெளிநாட்டு வர்த்தகம் என்று மத்திய காங்கிரசுக்குக் கொடுத்தவற்றை எண்ணி எழுதியிருக்கிறார்கள். எண்ணி எழுதாதது மாநிலங்களுடையது. 1791 இன் பத்தாம் திருத்தம் அதை வெளிப்படையாகவே சொல்கிறது. பொலிஸ், பள்ளிக்கூடம், திருமணச் சட்டம், காணிப் பதிவு எல்லாம் பெரும்பாலும் மாநிலத்தின் கையில் இருப்பது இதனால்தான்.

இப்போது இரண்டாவது கதை. முழுக் காணியும் தாயின் பெயரில் இருக்கிறது. அவர் பிள்ளைகளுக்குச் சில பரப்பை எழுதிக் கொடுக்கிறார். ஆனால் வழியும் கிணற்றுப் பங்கும் உறுதியில் இல்லை. வீடு கட்டலாம், தண்ணீருக்குத் தாயைக் கேட்க வேண்டும். எங்கள் இலங்கை அரசியலமைப்பில், மாகாண சபைகளைக் கொண்டுவந்த 1987 இன் பதின்மூன்றாம் திருத்தம் இது. அதில் மாகாண சபை நிரல், ஒதுக்கிய நிரல், ஒருங்கிய நிரல் என்று மூன்று. அமெரிக்காவில் ‘ஒதுக்கிய’ அதிகாரம் என்றால் மாநிலத்துக்கென்று வைக்கப்பட்டது. எங்கள் அரசியலமைப்பில் ‘ஒதுக்கிய’ நிரல் என்றால் கொழும்புக்கென்று வைக்கப்பட்டது. சொல் ஒன்று, உடைமைக்காரர் வேறு. அந்த நிரலின் தொடக்கத்திலேயே, எல்லா விடயங்களிலும் தேசியக் கொள்கை மத்திக்கு உரியது என்று இருக்கிறது. கிணறு அதுதான். பொலிசும் காணியும் மாகாண சபை நிரலில் எழுதப்பட்டிருந்தும் கைக்கு வந்து சேரவில்லை. பரீட்சைத் தாளில் ஒரு வரியாக முடிகிற இந்த வேறுபாட்டை ஒரு மணித்தியாலம் பேசினோம். அந்த நேரம் வீணில்லை.

அமெரிக்க ஜனாதிபதியைத் தெரிவுசெய்யும் தேர்தல் கல்லூரியையும் மேல் மன்றமான செனட்டையும் விரைவாகத்தான் தொட்டேன். 538 வாக்குகள், வெல்ல 270. சனத்தொகை மிகக் கூடிய கலிபோர்னியாவுக்கும் மிகக் குறைந்த வயோமிங்குக்கும் ஆளுக்கு இரண்டு செனட்டர்கள். மாநிலம்தான் அடிப்படை அலகு என்பது பிடிபட்டால் இவை தாமாகவே விளங்கும்.

பிறகு, வழக்கமாக வாய் திறக்காத ஒரு பிள்ளை பின் வாங்கிலிருந்து எழும்பினாள்.

“சேர், மிச்சக் காணி சகோதரர்களுக்கு என்கிறீர்கள். அந்தக் காணிக்குள் குடியிருந்தவர்களுக்கு?”

யாழ்ப்பாணத்தில் இந்தக் கேள்வியை எல்லோரும் கேட்பதில்லை. அடுத்தவர் காணியில் குடியிருந்த குடும்பத்தின் நினைவு இருப்பவர்தான் கேட்பார். அவளுக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அமெரிக்காவின் தெற்கு மாநிலங்கள் அடிமை முறையைக் காக்க எடுத்த கேடயமும் ‘மாநில உரிமை’தான். உள்நாட்டுப் போர் முடிந்த பின், 1868 இல், பதினான்காம் திருத்தம் எந்த மாநிலமும் எவருக்கும் சட்டத்தின் சமமான பாதுகாப்பை மறுக்கக் கூடாது என்றது. அதுவும் தாளிலேயே நெடுங்காலம் கிடந்தது. 1957 இல் லிட்டில் ரொக் நகரில் ஒன்பது கறுப்பின மாணவர்களைப் பள்ளிக்கூடத்துக்குள் விடாமல் தடுக்க ஆர்கன்சா ஆளுநர் தேசியக் காவற்படையை நிறுத்தினார். அந்தப் பிள்ளைகள் உள்ளே போக, ஜனாதிபதி ஐசனோவர் மத்தியிலிருந்து இராணுவத்தை அனுப்பினார். இராணுவம் பள்ளிக்கூட வாசலில் நிற்பது என்றால் எங்களுக்கு வேறு படம்தான் மனதில் வரும். வகுப்பு அமைதியாக இருந்தது. 1968 இல் யாழ்ப்பாணத்து மாவிட்டபுரம் கோயில் வாசலில், உள்ளே போக வந்த ஒடுக்கப்பட்ட சாதியினரை ஆதிக்க சாதியினர் தடுத்ததையும் சொன்னேன். அங்கே தடுத்தது கொழும்பு அல்ல.

அவள் இன்னும் உட்காரவில்லை. நான் கரும்பலகைப் பக்கம் திரும்பினேன். பத்தாம் திருத்தத்தைச் சுருக்கி, ‘எஞ்சிய அதிகாரங்கள் மாநிலங்களுக்கு’ என்று எழுதியிருந்தேன். மூலத்தில் அந்த வாக்கியம் அங்கே முடியவில்லை. சோக்கட்டியை எடுத்து விடுபட்டதைச் சேர்த்தேன்: ‘அல்லது மக்களுக்கு.’