ஐந்தரை மணித்தியாலம்

2022 மார்ச் 24

லிப்ட் இல்லை. ஆறாம் மாடி. அம்மா கதவைத் திறந்ததும் கேட்டது காஸைப் பற்றித்தான்.

மார்ச் 26

பழைய சோலாரிஸ் (சன் கம்பனியின் யூனிக்ஸ்) பெட்டியில் ஓடும் நிரலைப் புது லினக்ஸ் பெட்டியிலும் ஓட வைக்கிற வேலை, நானும் கூட வேலைசெய்யும் பெடியனும். பழைய பெட்டியில் இன்று இரண்டு தரம் கரண்ட் போனது. முதல் தரம் யூபிஎஸ் 'கரண்ட் போச்சு' என்று சிக்னல் அனுப்ப, நிரல் ஒழுங்காகப் பதிவுகளைச் சேமித்தது. இரண்டாம் தரம் அதே சிக்னலுக்குச் செத்துப்போனது. பெடியன் தன் லினக்ஸ் மடிக்கணினியில் பத்துத் தரம் அனுப்பிக் காட்டினான். "இதிலை ஒண்டும் ஆகேல்லையே அண்ணை."

ஆகாது. சோலாரிஸின் 'சிக்னல்' பங்சன் சிஸ்டம் ஃபைவ் என்ற பழைய யூனிக்ஸின் வழக்கம்: சிக்னல் வந்தால் ஓடச்சொல்லி நாங்கள் கொடுத்த கையாளியை ஒரு தரம் கூப்பிட்டுவிட்டுக் கழற்றி எறிந்துவிடும், அடுத்த சிக்னல் நிரலைக் கொன்றுவிடும். பெர்க்லி யூனிக்ஸ்காரர் அதைத் திருத்தினார்கள், லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சி அவர்கள் பக்கம். 1989 சி மொழித் தரநிலை இரண்டுக்கும் இடம் விட்டது. 'சிக்ஆக்‌ஷன்' என்ற, கையாளியைக் கழற்றாத பங்சனைப் போட்டேன், ஐந்து வரி. ஒவ்வோர் இரவும் நிரலைப் புதிதாய்க் கிளப்புகிறோம். ஒரே பகலில் இரண்டு வெட்டு விழுந்தால்தான் இது தெரியவரும். இப்போது விழுகிறதே.

மார்ச் 27

காஸ் இல்லை. பாணும் சம்பலும்.

மார்ச் 28

நினைவகத்தில் ஓரிடத்தையும் காட்டாத வெற்றுச் சுட்டியை, எழுத்தை அச்சிடும் 'பிரிண்ட்எஃப்'க்குக் கொடுத்தால் லினக்ஸ் 'நல்' என்று எழுதிவிட்டுப் போகிறது. சோலாரிஸ் விழுந்து சாகிறது. பிழையை மறைப்பதிலும் சாகிறதே மேல் என்று பெடியனிடம் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.

மார்ச் 29

புதுப் பெட்டியில் காலை 9.10 பதிவு 3.40 என்று நிற்கிறது. நித்திரை வரவில்லை.

மார்ச் 30

பிடிபட்டது. 1996இல் இலங்கை நேரத்தை முன்னே தள்ளினார்கள், 2006 ஏப்ரலில் திரும்பக் கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னால் என்று கொண்டுவந்தார்கள். 2000இல் வந்த சோலாரிஸ் 8க்கு அது எப்படித் தெரியும்? ஆரோ ஒருவர் அப்போது நேரவலயத்தை, நிரலின் சூழல் மாறிகளை வைக்கும் 'புட்என்வி'யால் திணித்திருக்கிறார், ஒரு பங்சனுக்குள் மட்டும் உயிரோடு இருக்கும் உள்ளூர் வரிசையிலிருந்து. 'புட்என்வி' பிரதி எடுக்காது, சுட்டியை மட்டும் வைத்துக்கொள்ளும். பங்சன் முடிந்தால் அந்த இடம் ஆருடையதோ. பழைய பெட்டியின் ஸ்பார்க் சிப்பில் பதினாறு வருஷம் அதை ஒருவரும் மிதிக்கவில்லை. லினக்ஸில் மிதித்துவிட்டார்கள், நேரவலயம் காணாமல் போக, பெட்டியின் சொந்த நேரம் கிரீன்விச்.

பிரதி எடுக்கிற 'செட்என்வி'யைப் போடு என்றான் பெடியன். சோலாரிஸ் 10இல்தான் அது வந்தது. இரண்டு பெட்டியிலும் ஒரே கோட் ஓட வேணும். பங்சன் முடிந்தாலும் வரிசை அழியாமல் இருக்க, 'ஸ்டாட்டிக்' என்று ஒரு சொல் சேர்த்தேன். அவ்வளவுதான். அந்த ஆரோ ஒருவர் நானோ என்று பழைய கொப்பிகளைப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

மார்ச் 31

இன்று 13 மணித்தியால வெட்டு. ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. பழைய பெட்டியைக் கையால் நிறுத்தினோம். எத்தனை வருஷத்துக்குப் பிறகு என்று ஒருவருக்கும் தெரியாது. விசிறிச் சத்தம் நின்றதும் அறை வேறு அறை மாதிரி. ஜனாதிபதியின் வீடு இருக்கிற மிரிஹானைப் பக்கம் சனம் கூடுதாம், அம்மா மூன்று தரம் எடுத்துவிட்டா.

ஏப்ரல் 1

கரண்ட் வந்தது. பெட்டி கிளம்பவில்லை. திரையில் 'ஓகே' என்று மட்டும் நிற்கிறது.